நூறு எண்ணும்வரை

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அண்ணன் மகள் குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். அவளுக்கு இப்போது 7 வயது. இந்த விடுமுறையில் அவளை எங்கே அழைத்துப்போவது என்ற பேச்சு எழுந்தபோது, வீட்டிலிருந்த இளையவர்கள் பெரிய வணிக வளாகங்களையும் செயற்கை அலையடிக்கும் நீர்விளையாட்டுப் பூங்காக்களையும் சொல்ல, 74 வயதான அப்பா மட்டும், "கிண்டிக்குப் போவோம், அப்படியே பீச்சுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றார். என்னையும் அண்ணனையும் அவர் சிறுவயதில் அழைத்துச்சென்ற அதே வழிதான் அது. செவ்வாய்க்கிழமைகளில் கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கு விடுமுறை என்பதால் மார்கழியின் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

அன்றைய நாளின் முதல் வேலை முந்தின இரவே தொடங்கிவிட்டது. மூட்டுவலி காரணமாகத் தன்னால் வர முடியாது என்று அறிந்திருந்த அம்மா, தன் பங்கைச் சோற்றுமூட்டையில் வைத்து அனுப்புவது என்று முடிவுசெய்து, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை புளிக்காய்ச்சலைக் கொதிக்கவிட்டார். காலையில் சோற்றை ஆறவைத்துக் கலந்து, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து கட்டினார். தயிர்சாதத்துக்கு அவர் கையாளும் முறை வேறு. குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டித் தயிரை மட்டும் விட்டுப் பிசைந்தால், அது வழியிலேயே மெல்ல உறைந்து, நண்பகலில் பிரிக்கும்போது புளிக்காமல் இருக்கும். கூடவே உருளைக்கிழங்கு வறுவலும், சென்ற கோடையில் போட்ட மாவடுவும் வைத்தார். வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிய சோற்றின் மணம் வீட்டில் உண்ணும் சோற்றுக்கு ஒருபோதும் வருவதில்லை. அந்த வாழையிலையும், அது மூடியிருந்த சில மணி நேரமும் சேர்ந்து செய்யும் சமையல் அது.

குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை மின்சார ரயிலில் சென்றோம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை என்று நிலையத்தின் பெயர்ப்பலகைகளைக் குழந்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். திரிசூலத்தில் தலைக்கு மேல் தாழ்வாக இறங்கிய விமானத்தை அவள் மட்டுமன்றி, அந்தப் பெட்டியிலிருந்த பாதிப்பேர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். நாள்தோறும் அதே வழியில் போய்வருகிறவர்களும் அதைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. கிண்டி நிலையத்துக்கு வெளியே கூடையில் கொய்யாப்பழம் விற்ற அம்மாவிடம் இரண்டு வாங்கினோம். அவர் பழத்தை முழுதாகத் துண்டாக்காமல், அடியில் ஒட்டியிருக்கும்படி பூவிதழ்போல் நான்காகக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார்.

பூங்காவின் வாசலை அடைந்ததும் அப்பா தன் பழைய விதியைப் பேத்திக்கு அறிவித்தார். ஒவ்வொரு விலங்கின் முன்னாலும் நின்று, மனத்துக்குள் நிதானமாக நூறு எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை அடுத்த இடத்துக்குப் போகக்கூடாது. எங்கள் சிறுவயதில் இந்த விதி எனக்கும் அண்ணனுக்கும் பெரும் துன்பமாக இருந்தது. ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பில், நாங்கள் எண்பதுக்குப் பிறகு எண்களை விழுங்குவோம். அப்பா தபால் துறையில் எழுத்தராக வேலைபார்த்தவர். வாரத்தில் ஆறு நாளும் மற்றவர்களின் அவசரத்துக்கு ஈடுகொடுத்தவர். ஏழாம் நாளில் அவருக்கு எதையும் அவசரமாகப் பார்க்கப் பிடிக்காது என்பதை நான் வெகுகாலம் கழித்தே புரிந்துகொண்டேன்.

கிண்டியின் காடு சென்னைக்குள் தப்பிப் பிழைத்த ஒரு துண்டு நிலம். கில்பர்ட் ராடரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-இல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கிய இந்த வனப்பகுதி, 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது 505 ஹெக்டேர் பரப்புக் கொண்டிருந்தது. இன்று தேசியப் பூங்காவாக எஞ்சியிருப்பது ஏறத்தாழ 270 ஹெக்டேர். கல்விநிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்தது போக மிச்சமிருக்கும் அந்த நிலத்தில், கடற்கரையோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களும் புதர்களும் இன்னும் நிற்கின்றன. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. அதன் ஓரத்தில், சர்தார் பட்டேல் சாலையைப் பார்த்தபடி இருக்கும் சிறுவர் பூங்கா 2024-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. நடைபாதைகளும் கூண்டுகளும் எனக்குத் தெரிந்த பழைய வடிவில் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்த பத்தடியில் சாலையின் இரைச்சல் சட்டென்று குறைந்து, மரநிழலின் ஈரமான குளிர்ச்சி முகத்தில் படுவது மட்டும் மாறவில்லை.

முதல் நூறு மான்களுக்கு. குழந்தை தொடக்கத்தில் புள்ளிமானையும் வெளிமானையும் பிரித்தறியாமல், புள்ளி இருப்பது ஒன்று, இல்லாதது மற்றொன்று என்று முடித்துக்கொண்டாள். அறுபதை எட்டும்போது அவளாகவே கொம்பைப் பார்க்கத் தொடங்கினாள். புள்ளிமானின் கொம்பு மரக்கிளைபோல் கவடுவிட்டுப் பிரிகிறது; வெளிமானின் கொம்போ கிளையின்றி, முறுக்கிய கயிறுபோல் திருகித் திருகி மேலே போகிறது. திருகுமான் என்ற பெயர் அதனால் வந்ததுதான்; இரலை என்பது அதற்கு இன்னும் பழைய பெயர். அப்பா அவளுக்கு மற்றொரு வேறுபாட்டையும் சொன்னார். புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, மெல்லிய மயிர்த்தோல் போர்த்தபடி மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு ஒருமுறை வந்தால் உயிருள்ளவரை உடனிருக்கும். "பல்லு மாதிரியா தாத்தா?" என்று அவள் கேட்டாள். முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும் வயதில் அதைவிடப் பொருத்தமான ஒப்புமை அவளுக்குக் கிடைத்திருக்க முடியாது.

வெளிமான் கிடாயின் முதுகு வயது ஏற ஏறக் கறுக்கும் என்பதையும், பெண்ணாகிய பிணை கடைசிவரை மணல் நிறத்திலேயே இருக்கும் என்பதையும் அங்கே நின்றுதான் பார்க்க முடிந்தது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தன்னை நோக்கி வருவதைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. காடு அடர்ந்து புதர் மண்டினால் புள்ளிமான் ஈடுகொடுத்துவிடும். வெளிமானுக்கு அது நெருக்கடி. நகரத்தின் நடுவே அதற்குரிய புல்வெளி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுகிறது.

நரி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் நரிக்கும் நூறு எண்ணப்பட்டது. முள்ளம்பன்றி தன் மூலையை விட்டு வரவில்லை. பூங்காவில் வைக்கப்பட்டிருக்கும் கல்மரத்தின் முன்னால் அப்பா நின்றபோது, "இது மிருகம் இல்லையே தாத்தா" என்று குழந்தை வாதாடினாள். 2 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரோடிருந்த மரம் மண்ணுக்குள் புதைந்து, அதன் மரச்சத்து இருந்த இடமெல்லாம் மணிமணியாகக் கனிமம் புகுந்து கல்லாகிவிட்டது என்று அவர் விளக்கினார். பட்டையின் வரிகள் விரலில் நெருடும் அளவுக்கு அப்படியே இருந்தன. 2 கோடி என்பது எவ்வளவு என்று அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அதற்கு மட்டும் இருநூறு எண்ணுவதென்று அவளே முடிவுசெய்தாள்.

உச்சிவேளையில், உணவருந்த இசைவுள்ள இடத்தில் ஒரு மரநிழலைப் பிடித்து உட்கார்ந்தோம். இலையைப் பிரித்ததும் நாட்டுக் குரங்குகள் இரண்டு எதிரே கிளைக்கு வந்துவிட்டன. ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா பையின் வாரைத் தன் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு பருக்கையைக்கூடக் கீழே சிந்தாமல் சாப்பிட்டார். எங்கள் சிறுவயதில் இதே அப்பா கடலையை உருட்டிவிட்டு, குரங்கு அதை உரித்துத் தின்னும் நேர்த்தியை எங்களுக்குக் காட்டியவர். மனிதரின் கையை எதிர்பார்த்துப் பழகிய குரங்கு ஒருநாள் பறிக்கத் தொடங்கும். பறிக்கத் தொடங்கிய குரங்கைப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அதற்குக் கூட்டமும் இல்லை, தெரிந்த மரமும் இல்லை. இதை அவர் பிற்காலத்தில் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார். அன்பினால் செய்த ஒன்றைத் தவறென்று உணர்ந்து விட்டுவிடுவது எளிதன்று. குட்டியைப் பார்த்துக் குழந்தையின் கை வறுவலை நோக்கிப் போனபோது, அவர் அவளுடைய கையை மெதுவாகப் பிடித்து, "அதுக்குக் காட்டுல சாப்பாடு இருக்கு கண்ணு, பார்த்தாப் போதும்" என்றார். புளியோதரை முடிந்து தயிர்சாதத்துக்கு வந்தபோது, அம்மா சொன்னபடியே அது சரியாக உறைந்திருந்தது. மாவடுவின் காம்பைக் கடித்துக்கொண்டு மூவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

பாம்புப் பண்ணை பக்கத்து வாசல்தான். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 1972-இல் இங்கே அமைத்த இது, நாட்டின் முதல் ஊர்வனப் பூங்கா. பரப்பில் மிகச் சிறியது. வேகமாக நடப்பவர்கள் கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். நாங்கள் இரண்டரை மணி நேரம் இருந்தோம். அன்றைய நாளின் மையம் இந்த இடம்தான் என்று சொல்வேன்.

முதலில் நின்றது பச்சைப்பாம்பின் கண்ணாடிக் கூண்டின் முன். உள்ளே கிளையும் இலையும் தவிர எதுவும் இல்லை என்று குழந்தை உறுதியாகச் சொன்னாள். நாற்பது எண்ணியபோது நானும் அப்படியே நினைத்தேன். எழுபதில், இலைக்காம்பு என்று நான் கருதியிருந்த ஒன்று, காற்றே இல்லாத அந்தக் கூண்டுக்குள் காற்றில் ஆடுவதுபோல் மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பாம்பாகத் தெரிந்தது. மொத்தம் மூன்று இருந்தன. கூர்ந்த மூக்கும், படுக்கைவாட்டில் சாவித்துளைபோல் நீண்ட கண்மணியும் அதற்கு உண்டு. இரு கண்களாலும் முன்னோக்கிப் பார்த்து, பல்லி இருக்கும் தொலைவை அளந்து பாயும் வேட்டைக்காரன் அது. நம் ஊரில் அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்ற பெயரும், மனிதரின் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்ற பழியும் சேர்ந்தன. அதன் நஞ்சு மிகவும் லேசானது. மனித உயிரைப் பறிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. என் பாட்டியின் ஊரில் வேலியோரம் கண்டதுமே அடித்துக்கொன்ற பச்சைப்பாம்புகளை நினைத்து எனக்கு அந்த இடத்தில் மனம் கனத்தது.

"அத்தை, அது ஏன் நாக்கை நீட்டிக்கிட்டே இருக்கு?" என்று குழந்தை சாரைப்பாம்பின் முன்னால் கேட்டாள். பாம்பு நாக்கால் முகர்கிறது என்று சொன்னேன். காற்றில் மிதக்கும் மணத்துகள்களை நாக்கில் ஒற்றியெடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்பிடம் கொண்டுசேர்க்கிறது. நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதால் இடப்பக்கம் மணம் மிகுதியா வலப்பக்கம் மிகுதியா என்பதையும் அறிந்து, அந்தத் திசையில் திரும்புகிறது. அவள் உடனே தன் நாக்கை நீட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொய்யாப்பழம் தெரியுது" என்றாள்.

சாரையைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகள் ஏராளம். நாகத்தின் ஆண்தான் சாரை என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு. வயலில் இரண்டு சாரைகள் உடலை நிமிர்த்திப் பின்னிப் பிணைந்து ஆடுவதைக் கண்டு, இணைசேர்கின்றன என்று வேட்டியை விரித்துப் போடுவார்களே, பெரும்பாலும் அது இரண்டு ஆண் பாம்புகளின் மற்போர். சாரைக்கு நஞ்சே கிடையாது. களஞ்சியத்து எலிகளைத் தின்று உழவரின் நெல்லைக் காக்கும் உயிர் அது. அதுபோலவே, விரியன் குட்டி தாயின் வயிற்றைப் பிளந்துகொண்டு பிறக்கும் என்பதும் கதைதான். கண்ணாடிவிரியன் முட்டையிடாமல் குட்டிபோடுகிறது என்பது மட்டும் அதிலுள்ள உண்மை; ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகளைக்கூட ஈனும் தாய், ஒரு கீறலுமின்றி நலமாகவே இருக்கிறது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கவைத்துப் பார்க்கப்பட வேண்டியவை. இந்த நாட்டில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளுக்கு இவையே பெரும்பாலும் காரணம். கட்டுவிரியனைப் பற்றி அப்பா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துறங்குபவரைக் கடித்தால் பல வேளைகளில் வலியே தெரியாது. காலையில் கண்ணிமை தூக்க முடியாமல் போகும்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். கொசுவலையை நான்கு புறமும் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுப்பது எத்தனையோ உயிர்களைக் காக்கும் என்பதை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கடித்த இடத்தைக் கீறாமல், கயிற்றால் இறுக்காமல், அசைவைக் குறைத்து உடனே மருத்துவமனைக்குப் போவதைவிட வேறு வைத்தியம் இல்லை. அங்கே கொடுக்கப்படும் மருந்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் குழந்தைக்கு அன்று கிடைத்த பெரிய வியப்பு.

அந்த மருந்தின் தொடக்கம் இருளர் கையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்புத் தடத்தைப் படிக்கத் தெரிந்த இருளர் மக்கள், ஒருகாலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. 1978-இல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துப் பராமரித்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் பிடிபட்டால் தெரிவதற்காக வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட அன்று, எங்கள் வீட்டில் அப்பா அந்தச் செய்தியை இரண்டுமுறை உரக்கப் படித்தார்.

எடுத்த நஞ்சை மிகச் சிறிய அளவில் குதிரையின் உடம்பில் செலுத்துகிறார்கள். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டக் கூட்ட, குதிரையின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள் உருவாகிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் மருந்து செய்கிறார்கள். இதைக் கேட்டதும் குழந்தை, "குதிரைக்கு வலிக்காதா?" என்றாள். ஊசி குத்தும்போது வலிக்கத்தான் செய்யும் என்று அப்பா மறைக்காமல் சொன்னார். அவள் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. முதலைகளுக்கும் ஆமைகளுக்கும் எண்ணிய எண்ணிக்கைகள் வாய்க்குள்ளேயே நடந்தன.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். அப்பாவுக்கும் எனக்கும் டீ, குழந்தைக்குப் பால், மூவருக்கும் கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்த பட்டர் பிஸ்கட். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்திருந்த மசால்வடையின் ஓரம் கல்போல் முறுகி, நடுவில் பருப்பு மெத்தென்று இருந்தது. வடையைத் தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றிவிட்டு, அதன் பின்னரே கடிக்கும் அப்பாவின் பழக்கத்தைக் குழந்தையும் அப்படியே செய்தாள்.

ஆட்டோவில் மெரினாவை அடைந்தபோது மணி நாலரை. விவேகானந்தர் இல்லத்தின் எதிரே இறங்கினோம். அந்த வட்டமான கட்டடம் 1842-இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டது. அங்கே உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டிகள் மரத்தூளில் பொதியப்பட்டு, கப்பலில் பல மாதம் பயணம் செய்து இங்கே வந்து இறங்கின. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் அந்தப் பகுதிக்கு நிலைத்துவிட்டது. அதன் எதிரே நின்று குச்சி ஐஸ் வாங்கித் தின்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. குழந்தை ஆரஞ்சு நிறத்தையும் நான் பால் ஐஸையும் எடுத்துக்கொண்டோம். அப்பா மார்கழிக் குளிருக்கு அஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

மெரினாவின் மணல் அகலமானது. வடக்கே 1881-இல் துறைமுகம் எழுந்தபின், தெற்கிலிருந்து கடல் அடித்துவரும் மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டுக் குவியக் குவியக் கரை விரிந்துகொண்டே போனது. அவ்வளவு மணலைக் கடந்து தண்ணீர்வரை நடப்பது அப்பாவின் முழங்காலுக்குச் சில ஆண்டுகளாக இயலாமல் போயிருந்தது. 2022-இல் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் முதியவர்களுக்காகவும் அங்கே மரப்பலகைப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவருக்குப் பின்னால், கைப்பிடியைப் பற்றியபடி அப்பா அதில் நிதானமாக நடந்து, அலையின் அருகே போய் நின்றார். கடைசியாக எப்போது கால் நனைத்தேன் என்று நினைவில்லை என்றார். சக்கர நாற்காலியில் இருந்தவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய நல்ல செயல்களின் வரிசையில் அந்தப் பலகைகளை நான் மிக மேலே வைப்பேன்.

சுண்டல் விற்ற பையனிடம் மூன்று பொட்டலம் வாங்கினோம். முதல்நாள் இரவே ஊறவைத்த வெள்ளைப் பட்டாணியை உப்புப் போட்டு வேகவைத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, தேங்காய்ப் பல்லும் மாங்காய்த் துண்டும் சேர்ப்பது இந்தக் கடற்கரையின் பழைய சுவை. நவராத்திரிச் சுண்டலுக்கு வீட்டு மணம் என்றால், இதற்கு உப்புக்காற்றின் மணம். பட்டாணி தோல் வெடித்திருக்க வேண்டும், ஆனால் மாவாகிவிடக்கூடாது. தேங்காய் துருவலாக இருக்கக்கூடாது, பல்லுக்கு வேலை வைக்க வேண்டும். மாங்காய் அரிதாகக் கிடைக்கும் மார்கழி மாதமாகையால் ஒரு பொட்டலத்துக்கு மூன்று துண்டுதான் இருந்தது. பையன் குழந்தையின் பொட்டலத்தில் மட்டும் தேடி எடுத்து நான்காவது துண்டு ஒன்றைப் போட்டான். பிறகு மிளகாய் பஜ்ஜியும், தணலில் சுட்டு எலுமிச்சையும் உப்பும் தேய்த்த சோளமும் சாப்பிட்டோம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருப்பது சோதனையில் தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடைசெய்ததிலிருந்து, அடர் இளஞ்சிவப்புப் பொட்டலங்களை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சோளமும் சுண்டலும் இருக்கும்போது வேறெதுவும் தேவைப்படவும் இல்லை.

பலூன் சுடும் கடையில் அப்பா ஆறு குண்டுகளில் நான்கை வீழ்த்தினார். கையால் சுற்றும் குடை ராட்டினத்தில் குழந்தை இரண்டுமுறை ஏறினாள். அதைச் சுற்றியவர் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தந்தார். என் சிறுவயதில் அந்த இடத்தருகே ஒரு கிளி சோதிடர் உட்கார்ந்திருப்பார். கிளியைக் கூண்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அன்று காலை கிண்டியில் பட்டமரத்துப் பொந்திலிருந்து பச்சைக்கிளி ஒன்று கீச்சிட்டுக்கொண்டு பறந்ததைப் பார்த்திருந்ததால், காலியாக இருந்த அந்த இடத்தைக் கடந்து செல்வது எனக்கு நிறைவாக இருந்தது.

குதிரைகள் அலையோரமாக நடந்துகொண்டிருந்தன. வழக்கமாக அவற்றைக் கண்டதும் ஏறவேண்டும் என்று துடிக்கும் குழந்தை, அன்று ஒரு பழுப்புக் குதிரையின் முன்னால் போய் நின்றுவிட்டாள். அதன் கண்ணோரத்தில் ஈரமும் ஈயும் இல்லை; விலா எலும்பு துருத்தவில்லை; பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. இவற்றைப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது என் வழக்கம். அவளோ குதிரைக்காரரைப் பார்த்து, "அண்ணா, இந்தக் குதிரைக்கு ஊசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். அவர் குழந்தையின் கேள்வியை அப்படியே மதித்து, "டாக்டர் வந்து போட்டுட்டுப் போவார் பாப்பா, அது பயப்படாது" என்றார். அவள் ஏறவில்லை. நூறு எண்ணும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். சவாரிக்குரிய பணத்தை அப்பா கொடுக்கப்போனபோது அவர் வாங்க மறுத்தார். பிறகு குதிரைக்குக் கொள்ளு வாங்கும்படி சொன்னதால் வாங்கிக்கொண்டார்.

மெரினாவில் கதிரவன் கடலில் மறைவதில்லை. நமக்குப் பின்னால், நகரத்துக் கட்டடங்களுக்கு அப்பால் இறங்குகிறது. அதனால் இருள் முதலில் கடலில்தான் தொடங்குகிறது. தொலைவில் நீர் கறுத்துவிட்ட பிறகும் மணலில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சுழலத் தொடங்கியிருந்தது. அப்பா கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சற்றுத் தள்ளி ஈரமணலில் கட்டைவிரல் அளவு துளை ஒன்று இருப்பதையும், அதன் வாயைச் சுற்றி ஈரமண் கொட்டிக் கிடப்பதையும் குழந்தை கண்டாள். உள்ளே நண்டு இருக்கிறது, அசையாமல் இருந்தால் வரும் என்று அவர் சொன்னதும், அவள் குப்புறப் படுத்து, முகவாயைக் கைகளில் ஊன்றிக்கொண்டாள்.

முதலில் இரண்டு கண்கள் காம்புகளின் மேல் நிமிர்ந்து வந்தன. பிறகு மணல் நிறத்தில் ஓர் உடம்பு பக்கவாட்டில் வெளியேறி, இடுக்கியில் அணைத்திருந்த மண்ணைத் துளைக்கு வெளியே வீசிவிட்டு அப்படியே நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எண்ணிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. யாரோ ஓடிவந்த காலதிர்வில் நண்டு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று மணியைப் பார்த்து எழுந்தேன்.

"இன்னொரு தடவை வரட்டும் அத்தை, அப்புறம் போகலாம்" என்றாள் துளையை விட்டுக் கண்ணெடுக்காமல். அப்பா தன் பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினார். நானும் மீண்டும் உட்கார்ந்துகொண்டேன்.